அடுக்குக் குடும்பத்தின் தலைவர்

காலைப் பலகாரத்துக்கு உட்காரும் முன் பிடரியில் கம்பி செருகிக்கொள்வது, செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் கை கழுவுவதைப் போன்ற பழக்கம். சுகிர்தா தன் பிடரியிலிருந்து மாமனாருக்கு ஒரு கம்பி, அவரிடமிருந்து மகள் நேயாவுக்கு ஒன்று, நேயாவிடமிருந்து கணவர் உலகநாதனுக்கு ஒன்று என்று பூட்டிக்கொண்டே வந்தாள். கடைசியாக உலகநாதனின் கழுத்திலிருந்து தன் கழுத்துக்கே ஒன்றை இழுத்து வட்டத்தை முடித்தாள். வட்டம் முடிந்திருந்தால்தான் நடுவில் ஒரு கம்பி அறுந்தாலும் குடும்பம் அறுந்துபோகாது. பிறகு இட்லி பரிமாறினாள்.

இதற்கு அடுக்குக் குடும்பம் என்று பெயர். முன்னொரு காலத்தில் பூமியில் அலுவலக மூலைகளில், கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கம்பியால் கோத்து, பல பெட்டிகளை ஒரே பெட்டியாக வேலை வாங்கினார்கள். அந்த யோசனையை அப்படியே மனிதர் கழுத்தில் கட்டிவிட்டார்கள் செவ்வாய்ப் பொறியாளர்கள். வீட்டில் எத்தனை தலை இருந்தாலும் நகராட்சிக்கு ஒரே பெயர், ஒரே முகவரி. காலையில் ஒருமுறை பூட்டிக் கழற்றினால் இரவு வரை தாங்கும். தலைவர் யார் என்பதை அடுக்கே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். வீட்டுக் கவலை முழுவதும் அவர் மண்டைக்குப் போய்விடும். விதியும் பழைய சுவிட்சு விதிதான். எது அதிக நேரம் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதுவே தலைமை. மனிதருக்காக அதை மாற்றி எழுதப் பொறியாளர்களுக்குச் சோம்பல். ஆக, வீட்டில் முதலில் கண்விழிப்பவர் அன்றைய தலைவர்.

உலகநாதன் விதிகளைப் படிப்பவர் அல்லர். வாசலில் தன் பெயரைப் பித்தளையில் பொறித்து மாட்டியிருந்தார். அதுவே போதும் என்று நம்பினார். குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு மனுப் போடப் போனபோதுதான் குட்டு உடைந்தது.

"குடும்பத் தலைவர்தான் சார் நிக்க முடியும்," என்றாள் நகராட்சிப் பெண்.

"நான்தாம்மா தலைவர்."

"இல்லியே. சுகிர்தான்னு காட்டுது. ரெண்டாவது உங்கப்பா. மூணாவது உங்க பொண்ணு."

"நான்?"

"மிச்சம் இருக்கிற இடம், சார்."

பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். உலகநாதனுக்கு மானம் போய்விட்டது. சால்வைக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

மறுநாள் வீட்டில் அவரே முதலில் எழுந்தார். செவ்வாயிலும் சூரியன் கிழக்கில்தான் உதிக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார். கம்பி பூட்டியதும் சுவர்த் திரையில் தலைவர் என்று அவர் பெயர் பளிச்சென்று எரிந்தது. மனு ஏற்கப்பட்டது.

ஆனால் பெயரோடு வேறு சிலவும் வந்து சேர்ந்தன. அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை தீரப் போகிறது. நேயாவுக்கு இருமல். காற்று வடிகட்டியை மாற்ற வேண்டும். மாவு பொங்கி வழியும் முன் எடுத்து வைக்க வேண்டும். இன்றைய இட்லி வாயில் இருக்கும்போதே நாளைக்கு என்ன சமையல் என்ற கேள்வி மண்டைக்குள் வந்து நின்றது.

வேட்பாளர் அறிமுகக் கூட்டத்தில் மேடையேறினார். "அன்பார்ந்த குடியிருப்போர்களே! நம் சங்கத்தின் எதிர்காலம்... நேயாவுக்கு இருமல் மருந்து... மாவை எடுத்து உள்ளே வைத்தாயா?"

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

வீடு திரும்பியபோது சுகிர்தா ஜன்னலோரம் உட்கார்ந்து செம்மண் புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"சும்மா இருக்கேங்க."

'அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்று இத்தனை காலம் ஊருக்குச் சொல்லிவந்தாரே, அந்தப் பெண் அன்றுதான் முதன்முறையாகச் சும்மா இருந்தாள்.

"என் மண்டைக்குள்ள என் யோசனை மட்டும் ஓடுதுங்க. படிக்கிற காலத்துல பாதியில விட்ட ஒரு கணக்கு, தானா வந்து உக்காந்திருக்கு. இன்னும் ஒரு மாசம் விட்டா முடிச்சிருவேன்." அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். உலகநாதனுக்கு அதை அடையாளம் காணக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நாளைக்கு நீயே முதல்ல எழுந்துக்கயேன்," என்றார் கெஞ்சலாக.

"அப்ப உங்க மனு செல்லாதே?"

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. உலகநாதன் மட்டுமல்ல, போட்டியிட்ட ஆண்கள் அத்தனை பேரும் அந்த வாரம் கண் சிவந்து, கன்னம் ஒட்டித் திரிந்தார்கள். சங்க வரலாற்றில் எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் முதன்முறையாக ஒரே குரலில் நகராட்சியிடம் முறையிட்டன. பொறியாளர்களும், இவ்வளவு காலம் வராத சுறுசுறுப்போடு, விதியைத் திருத்தி எழுதினார்கள். நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று நகராட்சி அதற்கு விருதும் கொடுத்தது.

அதைப் பொருத்த ஓர் இளம் பொறியாளர் வீட்டுக்கு வந்தார். சுகிர்தாவிடம் சம்மதம் கேட்கவில்லை. சம்மதத்தைக் குடும்பத் தலைவரிடம்தான் கேட்க வேண்டும். தலைவர் வாசலிலேயே கொடுத்துவிட்டார்.

"ரெண்டு நிமிஷ வேலைதாங்க மேடம்," என்றபடி அவள் பிடரிக் கம்பியை மாற்றிச் செருகினார். "இனிமே தலைவர்ங்கிற பேரு எப்பவும் சார்கிட்டயே இருக்கும். வேலை மட்டும் தானா உங்க பக்கம் வந்துரும். பூமியில இருந்தவங்க யாருக்குமே இப்படி ஒரு ஏற்பாடு தோணல, பாருங்க!"

பாதியில் இருந்த கணக்கு சுகிர்தாவின் தலைக்குள் ஒருமுறை மினுக்கி அணைந்தது. அந்த இடத்தில் மாத்திரையும் இருமலும் மாவும் வந்து உட்கார்ந்தன.

"தோணிச்சு தம்பி," என்றாள் அவள். "அவங்களுக்கு இதுக்குக் கம்பிகூடத் தேவைப்படல."