அட்டையில் ஏறாத மருந்து

சனிக்கிழமை. காலை ஏழு பத்து.

சர்வேயர் ஐயா குளியலறைத் தரையில் கிடந்தார். மூக்கிலும் ஈறிலும் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை. முதலில் பார்த்தவள், வீட்டோடு தங்கி அவரைக் கவனித்துக்கொள்ளும் அக்கா. அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

ஒன்பது நாற்பது.

மருந்துக்கடைக்காரி ஒருத்தியாகத்தான் கடையில் இருந்தாள். நாற்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. பத்தொன்பது வருஷமாக அதே கவுண்டர். மருத்துவமனை மருந்தியலில் முதுகலைப் படிப்பை ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் மாலை நாலு மணிக்கு வகுப்பு. திரையில் முப்பத்தெட்டு கறுப்புக் கட்டங்கள். யாருக்கும் முகம் கிடையாது, யாரும் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்வது கிடையாது. வியாபார நேரம் என்பதால் ஒரு காதில் வகுப்பு, ஒரு காதில் கடை. அடுத்த மாதம் கடைசிப் பரீட்சை. தேறிவிட்டால் ஆஸ்பத்திரி வார்டில் டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கலாம். பேச மனுஷர்கள் இருப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் படியேறி வந்தார்.

"மேடம், சர்வேயர் ஐயாவுக்கு மாத்திரை இங்கதானே?"

"ஆமா சார். ரத்தம் கட்டாம இருக்கிறதுக்கு. ஆறு வருஷமா. ஏன், என்ன ஆச்சு?"

"ஐசியூல கிடக்கார். ரத்தம் உறையவே மாட்டேங்குதாம். ரெண்டரை இருக்க வேண்டிய அளவு ஒன்பதைத் தாண்டிடுச்சாம். வீட்டுல இருக்கிற அந்தம்மாதான் மாத்திரையை அள்ளிக் கொடுத்துட்டான்னு மகன் போன்ல குதிக்கிறார்."

"அக்காவா? ஈயைக்கூட விரட்டித்தான் விடுவாங்க சார்."

"ஈ வேற, பெரியவர் வேற. போன வாரம் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டையாம், பக்கத்து வீட்டுல சொல்றாங்க. பன்னெண்டு மணிக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அதுக்கு முன்னாடி மாத்திரையை எண்ணிச் சொல்ல ஆள் வேணும்."

அவள் சர்வேயரின் மருந்து அட்டையை எடுத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினாள். விழுங்குகிற மருந்தெல்லாம் அட்டையில் ஏறும். பூசுவது, தடவுவது ஏறாது. அது அந்தக் கடையின் பழக்கம்.

பத்து பத்து.

இரண்டு அறை வீடு. மேஜைக்கு ஒரே ஒரு நாற்காலி. காலண்டரில் ஒவ்வொரு நாளும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. அக்கா சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மருந்துக்கடைக்காரி இரண்டு தடவை எண்ணினாள். முப்பதில் பதினேழு போயிருந்தது. வாங்கியும் பதினேழு நாள்தான்.

"சரியா இருக்கு சார். ஒண்ணுகூட அதிகமாப் போகல."

"வேற கடையில வாங்கியிருந்தா?"

"சீட்டு இல்லாம இதை எவனும் தர மாட்டான்."

"சந்தேகப்படறதுதான் மேடம் என் பொழைப்பு."

அவள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, சண்டை எதுக்கு?"

"சோத்துக்குத்தான், வேற எதுக்கு? புதுப் பல்செட்டு போட்டதுலேர்ந்து வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புண்ணு. எரியுது எரியுதுன்னு தட்டைத் தள்ளி விடறாரு. பட்டினி கிடந்தா செத்துப் போவீங்கய்யான்னேன். அது ஒரு குத்தமா?"

"சொன்னீங்களா, அப்படியே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சொன்னேன்! ஆறு வருஷமா சொல்றேன். இன்னிக்குத்தான் எல்லாருக்கும் காது கேக்குது."

"புண்ணுக்கு என்ன போட்டாரு, அக்கா?"

"என்னத்தைப் போட்டாரு. பல்செட்டு பேஸ்ட்டுதான் தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு. அவரே வாங்கியாந்தது. என்னைத் தொட விட மாட்டாரு."

பத்து முப்பத்தைந்து.

கழுவுதொட்டி மேல் கண்ணாடி டம்ளரில் பல்செட். பக்கத்தில் வாலிலிருந்து ஒழுங்காகச் சுருட்டிய ஒரு டியூப். சுருட்டச் சுருட்ட, தினம் எவ்வளவு செலவானது என்று பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தார். சர்வேயர் புத்தி. பதினோரு கோடு. முதல் கோடு போன வாரச் செவ்வாய்க்கிழமை.

பேஸ்ட் இல்லை. வாய்ப்புண்ணுக்கான பூஞ்சைக்கொல்லி ஜெல்.

திருப்பினாள். பின்பக்கம் கடை ஸ்டிக்கர்: 'வாயில் தடவவும். தினம் நாலு வேளை.' கடை முத்திரை ஈரத்தில் கரைந்து போயிருந்தது. எழுத்து கரையவில்லை. அவளுடைய எழுத்து.

ஸ்டிக்கரின் ஒரு மூலை பெயர்ந்து நின்றது. நகம் பட்டால் முழுசாக வந்துவிடும். இன்ஸ்பெக்டர் கூடத்தில் போனில் இருந்தார். அக்காவுக்கு அது பேஸ்ட். விசாரணை என்று வந்தால் மருந்தாளுநர் பதிவை நிறுத்தி வைப்பார்கள். பதிவு இல்லாதவளைப் பரீட்சைக்கு உட்கார விட மாட்டார்கள். இரண்டு வருஷப் படிப்பு.

அவள் விரலை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், சர்வேயர் பதினோரு நாளா பூஞ்சை ஜெல் தடவிட்டிருக்கார். ஆமா, விழுங்கியிருக்கார். ரத்தக்கசிவுக்கு மாத்து மருந்து ஒரு தடவை போட்டாப் பத்தாது. ஜெல்லோட வேலை இன்னும் சில நாள் ஓடும். திரும்பத் திரும்பப் பாருங்க."

"நல்ல வேளை சொன்னீங்க. மறுபடி ஏன் ஏறுதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டிருந்தோம்."

பதினொன்று ஐந்து.

"அக்காவை விட்டுடுங்க சார்," என்றாள். "பெரியவரைச் சாய்ச்சது இதுதான்."

இன்ஸ்பெக்டர் டியூபை வாங்கிப் பார்த்தார். "இத்தனூண்டா?"

"தடவுறதுன்னு பேரு, பாதி தொண்டைக்குள்ளதான் போகும். ஈரல் அந்த ரத்த மாத்திரையைக் கழிச்சு வெளியேத்தும் இல்லையா, இது அதைத் தடுத்துடும். தினம் ஒண்ணுதான் போட்டார். ஆனா உள்ளயே தேங்கித் தேங்கி நாலஞ்சு போட்ட மாதிரி ஆயிடுச்சு. அதான் எண்ணினா சரியா இருக்கு. தடவுற மருந்துங்கறதால அட்டையிலயும் ஏறல. நானும் அட்டையையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

"இது ஆபத்துன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அந்தப் பாடத்துல தொண்ணூத்திரெண்டு மார்க்கு."

"வித்தது யாரு?"

"நான்."

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறக்கவில்லை. "யோசிச்சுப் பேசுங்க மேடம். ஸ்டிக்கர்ல பேரு ஒண்ணும் இல்ல."

"கையெழுத்து என்னுது சார். அன்னைக்கு செவ்வாய்க்கிழமை, வகுப்பு ஓடிட்டிருந்துச்சு. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா வாத்தியார் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். அத்தனை பேர்ல என்னை. நான் பதில் சொல்லிக்கிட்டே இதை எழுதி ஒட்டி, அவர் பக்கம் தள்ளி விட்டுட்டேன். எப்பவும் அரை மணி நேரம் நின்னு பேசுறவர். இருந்த ஒரே சிநேகிதர். முகத்தைக்கூடப் பார்க்கல. வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்து சொன்னாரும்மா," என்றாள். "வாத்தியார் கேள்வி கேட்டாரு, நம்ம மருந்துக்கடை டாக்டரம்மா டக்குனு பதில் சொல்லிட்டாங்க, அதான் நான் பேச்சுக் கொடுக்கலன்னு. சொல்லிச் சொல்லி அன்னைக்கெல்லாம் ஒரே சிரிப்பு."

மருந்துக்கடைக்காரி சர்வேயரின் மருந்து அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க சார்," என்றாள். "செவ்வாய்க்கிழமை, நாலு இருபது."