நூற்று முப்பத்தொரு விழுக்காடு

காலை ஆறு மணிக்கு நிறத்தூண் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்கு ஐந்து நிமிடம் முன்பே சட்டை மாட்டிக்கொண்டு தெருமுனையில் போய் நிற்பது என் வழக்கம். நந்தவனத் தெருவின் செயலாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் அப்படித்தான் நின்றிருக்கிறேன். மழை பெய்தாலும் போவேன். மூட்டு வலித்தாலும் போவேன். தூண் ஒரு கணம் அணைந்து மறுபடி பச்சையாக எரியும். அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பித்தான் காபி குடிப்பேன்.

புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அது சாம்பல் நிறத்தில் எரிந்தது.

தொண்டை அடைப்பான் திரும்பி வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போன ஆண்டுகளை என் வயதுக்காரர்கள் மறக்கவில்லை. காப்பு வரைபடம் அதற்குப் பிறகு வந்தது. பிள்ளைக்குப் போடும் ஒவ்வொரு ஊசியும் பொதுச் சுகாதாரப் பதிவேட்டில் ஏறும். பதிவேட்டை ஒரு கணிமூளை படித்து, மாநிலத்தின் எல்லாத் தெருக்களுக்கும் நிறம் பூசும்; அந்த நிறத்தைத் தெருமுனைத் தூண் காட்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஊசி முழுமையாக இருந்தால் பச்சை. குறைந்தால் சாம்பல். சாம்பல் தெருவிலிருந்து எந்தப் பிள்ளை போனாலும் பள்ளிக்கூடத்தின் கதவு திறக்காது. கடுமையான சட்டம்தான். ஊர்க்கூட்டத்தில் அதை ஆதரித்து முதலில் கை தூக்கியவன் நான்.

எங்கள் தெருவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பதினெட்டுப் பேர். ஒருவர் குறைந்தால் தொண்ணூற்று நான்கரை விழுக்காடு. தெரு முழுவதும் சாம்பலாக ஒரே ஒரு வீடு போதும். தூணில் விரல் வைத்தால் அந்த வீட்டின் எண் தெரியும். வைத்தேன். பதினொன்று என்று காட்டியது.

பதினொன்று என் வீடு.

"என்ன அண்ணாச்சி, தூணுக்குக் கண்ணு மங்கிட்டா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எதிர்வீட்டு செல்வின். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் அவன் பேரன் ஜெபா அந்நேரத்துக்கே புத்தகப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.

"தப்பாக் காட்டுது செல்வின். என் பேத்திக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு."

"அஞ்சாம் நம்பர் வீட்டுக்காரன் போன வருசம் இதையேதான் சொன்னான். நீங்க என்ன சொன்னீக? 'படம் பொய் சொல்லாது. போய் ஊசியப் போட்டுட்டு வாரும்'னீக. தெருவே கேட்டுச்சு."

சொன்னது உண்மைதான். வீட்டுக்குள் வந்தேன்.

என் மகன் கடல் காற்றாலையில் வேலை பார்க்கிறான். ஆண்டுக்கு இருமுறை வருவான். மருமகள் இசைவாணி தலைப்பிரசவத்துக்கு உப்போடையிலுள்ள தன் தாய் வீட்டுக்குப் போய், ஐந்தாம் மாதம் பிள்ளையோடு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பியிருந்தாள். பிள்ளைக்குப் பொருநை என்று பெயர். பெயர் எங்கள் குடும்ப அட்டையில் திங்கட்கிழமை ஏறியது. செவ்வாய்க்கிழமை தெரு சாம்பலானது.

விஷயத்தைச் சொன்னதும் இசைவாணியின் முகம் சிறுத்துப்போயிற்று. ஊசி அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பிறந்த அன்று ஒன்று. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம். நான்கு முத்திரைகளும் இருந்தன.

"நாலு தடவையும் நாந்தான் மாமா தூக்கிட்டுப் போனேன். மூணாவது ஊசிக்கு இவ அழுத அழுகையில டாக்டரம்மாவே பயந்துட்டாங்க."

"எனக்கு அட்டையெல்லாம் வேண்டாம்மா. நீ சொன்னாப் போதும்" என்றேன்.

என் மனைவி சொர்ணம் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பேசாம இங்கயும் ஒரு வட்டம் ஊசி போட்டுட்டு வந்துருவோமே. பிள்ளைக்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். அதோட முடிஞ்சிரும்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்னொரு முறை ஊசி போட்டால், முதல் முறை போடவேயில்லை என்று நானே கையெழுத்திட்டுக் கொடுத்ததாக ஆகாதா? என் மருமகள் பொய் சொல்கிறாள், அவளைப் பெற்றவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இந்தத் தெருவுக்கு நானே அறிவித்ததாக ஆகாதா? ஒரு விளக்கின் நிறத்துக்காக ஐந்து மாதப் பிள்ளையின் தொடையில் தேவையில்லாமல் ஊசி குத்த வேண்டுமா? "என் வீட்டுப் பொண்ணோட சொல்லுக்கு மேல தூண் பெருசில்லை. கெளம்பும்மா" என்றேன். சொர்ணம் அடுப்படிக்குள் போனாள்.

மாவட்டப் பதிவகத்தில் எங்களிடம் பேசிய அலுவலர் பெயர் ஆதிரை. முப்பது வயதிருக்கும். மேசைமேல் விரிந்திருந்த வரைபடத்தில் எங்கள் தெரு மயிர்க்கோடு அளவில் சாம்பலாகக் கிடந்தது.

"சார், சிஸ்டத்துல உங்க பாப்பாவுக்கு ஒரு டோஸ் கூட இல்லை."

"இந்த அட்டையில இருக்கிறது என்ன? மருதாணியா?"

அவள் அட்டையை வாங்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "இது உப்போடையில போட்டது. ஊசி அந்த ஊர் கணக்குல ஏறிடுச்சு. பாப்பா உங்க குடும்ப அட்டையில இருக்கா. ஆளு இங்க, ஊசி அங்க. கணிமூளையைப் பொறுத்தவரைக்கும் பிள்ளை பொறக்கிற ஊரும் வளர்ற ஊரும் ஒண்ணுதான்."

"தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு தாய் வீட்டுக்குப் போவான்னு அதுக்கு ஒருத்தரும் சொல்லலையா?"

"சொல்றதுக்குப் படிவத்துல கட்டமே இல்லை சார்."

முப்பத்திரண்டு ஆண்டுகளாக இந்த மாநிலத்துக்கு நிறம் பூசிக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு, இங்கே ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் எங்கே போவாள் என்று தெரியாது. அதைச் செய்தவர்கள் ஆணோ பெண்ணோ, யாருடைய வயிற்றிலும் பிறக்கவில்லையா? என் மருமகளைப் பொய்க்காரி என்று தெருமுனையில் விளக்குப் போட்டுக் காட்ட இதற்கு என்ன தகுதி? இதையெல்லாம் நான் உரக்கவே கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆதிரை கோபப்படவில்லை. வரைபடத்தை விரலால் கிழக்கே நகர்த்தினாள். கடலோரத்தில் உப்போடை அடர்ந்த பச்சையில் மின்னியது. மேலே ஓர் எண்: நூற்று முப்பத்தொன்று.

"என்ன கணக்கு இது?"

"காப்பு விழுக்காடு. அங்க பெரிய மகப்பேறு ஆஸ்பத்திரி இருக்குல்ல, சுத்துவட்டாரத்துப் பொண்ணுங்க எல்லாம் அங்கதான் பெத்துக்கிறாங்க. போன வருஷம் மாநில விருதுகூட வாங்கினாங்க சார்."

"நூறு பிள்ளை இருக்கிற ஊருல நூத்தி முப்பத்தொரு பிள்ளைக்கு ஊசி. அதுக்கு ஒரு விருது!"

அதுவரை பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு பேசாமலிருந்த இசைவாணி நிமிர்ந்தாள். "ஏன் மேடம், எங்க ஊருக்கு ஊசி போடுற மருந்தூர்தி வர்றதே இல்லையே, அது இதனாலயா?"

"ஆமா. தானா ஓடுற வண்டி அது. சாம்பல் காட்டுற எடத்துக்கு மட்டுந்தான் போகும்."

"நாங்க ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கோம், நடந்து போயிருவோம். உப்பளத்துக்குள்ள குடிசை போட்டு இருக்காங்களே, அவங்க ஆறு கிலோமீட்டர் நடக்கணும். அன்னைக்கு வேலையும் போயிரும். அங்க வண்டி வந்து மூணு வருசமாச்சு. கேட்டா, 'உங்க ஊரு நெறஞ்சு போச்சு'ங்கிறாங்களாம்."

ஆதிரையின் விரல் வரைபடத்தின் மேலேயே நின்றுவிட்டது. பிறகு அவள் எங்களை மறந்து ஏதேதோ பட்டியல்களைத் திறந்தாள், கழித்தாள், மறுபடி கழித்தாள். கடைசியில் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "வெளியூர்த் தலைப்பிள்ளைகளை எடுத்துட்டா, அறுபத்தெட்டு வருது சார். உத்தேசமா."

எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. என் பேத்தியின் நான்கு ஊசிகளை எடுத்து, ஊசியே காணாத ஏதோ ஒரு பிள்ளையின் மேல் போர்த்திவிட்டிருக்கிறார்கள். என் வீட்டை அவமானப்படுத்தியதைவிடப் பெரிய அநியாயம் அது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"உங்க பாப்பா பதிவை மட்டும் இப்பவே இங்க மாத்திடறேன். நாளைக்குக் காலையில தெரு பச்சை" என்றாள் ஆதிரை. "உப்போடைக்கு வண்டி போகணும்னா பொது ஆட்சேபம் கொடுக்கணும். கொடுத்தா, மறுகணக்கு முடியிற வரைக்கும் உங்க தெரு சாம்பலாவே நிக்கும். தொண்ணூறு நாள்கூட ஆகலாம். இன்னொண்ணு, ஒரு பிள்ளைன்னா தனித்தவறுன்னு தள்ளிடுவாங்க. பத்துப் பிள்ளையாவது காட்டணும்."

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்ற ஜெபாவை நினைத்தேன். இசைவாணி என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்கு மட்டும் பச்சை வாங்கிக்கொண்டு கொல்லை வழியாகப் போகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பொது ஆட்சேபப் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டேன்.

மாலை ஐந்து மணிக்குத் தெருவைக் கூட்டினேன். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் செல்வின் வெடித்தான்.

"ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்கும்! அதை விட்டுட்டு, எங்க பிள்ளைங்க தொண்ணூறு நாள் வீட்டுல கெடக்கணுமா? உப்போடை உங்க சம்பந்தி ஊருன்னா அது உங்க பாடு அண்ணாச்சி!"

"ஊசி போடாம இருந்துட்டு ஊர் நியாயம் பேசுதாரு" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

எழுபத்து மூன்று வயதில், நான் கட்டிக்காத்த தெருவில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டேன். அப்போது சொர்ணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பொது இடத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"நம்ம பயலுக்கும் ரெண்டு வட்டம்தான் போட்டோம்" என்றாள் என்னைப் பார்த்து. "எங்க அம்மா வீட்டுல நாலு. இங்க வந்தப்புறம், அட்டையில பேரு ஏறுமுன்ன நாலு. நீங்க ஆபீசு போயிருந்தப்ப தூக்கிட்டுப் போயிட்டு வந்தேன். ரெண்டு நாள் காய்ச்சலுக்குப் பல்லு மொளைக்குதுன்னு சொன்னேன். தூணு பச்சையா இல்லாட்டி நீங்க தலை நிமிந்து நடக்க மாட்டீகளே."

செல்வினின் மனைவி ஸ்டெல்லா மெல்லச் சொன்னாள்: "நம்ம ஜெபாவுக்கும் அப்படித்தாங்க. மருமவளும் நானும் போய் மறுபடி போட்டுட்டு வந்தோம்."

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா மட்டும்? நீங்களும் ஒரு தூணா நின்னு கத்தியிருப்பீக."

ஒருத்தி சிரித்தாள். ஐந்தாம் எண் வீட்டுக்காரி அழுதுகொண்டே முன்னால் வந்தாள். அவள் பிள்ளைக்கு மறுபடி ஊசி போட வைத்தவன் நான்தான். மற்ற வீடுகளிலெல்லாம் பெண்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் மட்டும்தான் இந்தத் தவறு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். படிவத்தை மடியில் வைத்து எழுதத் தொடங்கினேன். முதல் வரியில் என் மகன் பெயர், என் மனைவியின் தாய் ஊர், 'இருமுறை' என்ற சொல். இத்தனை ஆண்டுகள் நான் நிமிர்ந்து நின்று பார்த்த பச்சை, என் மகனின் தொடையில் குத்தி எடுத்தது. அடுத்தடுத்து எழுதியதில் பதினான்கு பெயர்கள் சேர்ந்தன. கடைசியில் செல்வின் வந்து, "சாட்சிக் கையெழுத்து எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டான்.

பிள்ளைகள் வீட்டில் கிடந்தார்கள். செல்வினின் வாசலில் காலைப் பள்ளிக்கூடம் நடந்தது. இசைவாணி கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். முப்பத்தேழாம் நாள் மறுகணக்கு முடிந்தது. உப்போடைக்கு அறுபத்தாறு விழுக்காடு. அன்று பிற்பகலே மருந்தூர்தி உப்பளத்துக்குள் போனது. ஊசியே போடாத பிள்ளைகள் எழுபத்து நான்கு பேரை அது கண்டுபிடித்தது.

எழுபத்தைந்து பேர் இருந்திருக்க வேண்டும் என்று ஆதிரை போனில் சொன்னாள். சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் இசைவாணியும் நானும் உப்பளத்துக்குப் போனோம். எழுபத்தைந்தாவது பிள்ளையின் தாய் பெயர் பேச்சியம்மாள். இரண்டு வயதுப் பையன். தொண்டை அடைத்து, வண்டி வருவதற்கு எட்டு நாள் முன்னால் போய்விட்டான். அவள் உப்புப் பாத்தியிலிருந்து எழுந்து வந்தாள். கை இரண்டும் உப்பில் வெடித்திருந்தன. நான்தான் மனுக் கொடுத்தவன் என்று சொன்னேன். சொல்வதற்கு வேறு என்ன இருந்தது?

அவள் அழவில்லை. ஊர் எல்லையில் நட்டிருந்த விருதுப் பலகையின் பக்கம் கையைக் காட்டினாள்.

"நூத்தி முப்பத்தொண்ணுன்னு எழுதிப் போட்டிருக்காங்க ஐயா. அம்புட்டுப் பேருக்கு எடம் இருந்திருக்கு. எம் பிள்ளைக்கு ஒரு எடம் இல்லாமப் போச்சா?"