உள்ளே சிவந்த கட்டை

அம்மாவின் வலது உள்ளங்கை எரிந்தது. கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் தரையில் உட்கார்ந்தாள்.

"மறுபடியும் மண்வெட்டிக் காம்பு உடைஞ்சிருச்சா?" என்று மகள் கேட்டாள். ஆள் அவ்வளவு ஒல்லி. தெருவே அவளைச் சுள்ளி என்றுதான் கூப்பிடும்.

"பாதிக் காம்பை வச்சுக்கிட்டு நாள் பூரா குனிஞ்சே வெட்டினேன். நாளைக்கும் இப்படி வந்தா வேற ஆளைப் போட்டுக்குவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

சுள்ளி உடைந்த துண்டை எடுத்தாள். வெளுத்த மரம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள், பள்ளம் விழுந்தது.

"அம்மா, இது மாமரம்."

"கருவேலம்னுதானே விறகுக்கடைக்காரர் கொடுத்தாரு? பட்டை கறுப்பாத்தானே இருந்துச்சு?"

"பட்டை நம்மள ஏமாத்திருச்சு."

வீட்டில் அடுப்பு மூட்டுவது சுள்ளிதான். எந்தக் கட்டை நின்று எரியும், எது புகைந்து அழவைக்கும் என்பது அவள் கண்ணுக்குத் தெரியும்.

சுள்ளி போனபோது விறகுக்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"விறகுக்கடைக்கே சுள்ளி வருதே. எடை போட்டுடவா?"

"மாமா, நீங்க கொடுத்தது மா."

"எனக்கு எல்லாம் கட்டைதான். எரிஞ்சா சரி."

"எங்கம்மா அதை எரிக்கலையே. மண்ணுல்ல வெட்டுறாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, தப்பு என்னோடதுதான். நேரா ஒரு கட்டை பார்த்து எடுத்துக்க."

முதலில் எடுத்ததில் பட்டை கறுப்பு. ஆனால் வெடிப்பு ஆழமில்லை, நகமும் இறங்கியது. மறுபடியும் மா. அடுத்தது கனமாக இருந்தது, முகர்ந்தால் கசப்பு வாடை. வேம்பு. நடுவில் பெரிய கணு வேறு. பலமாக ஒரு போடு போட்டால் அங்கேயே முறியும்.

குவியலின் அடியில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பட்டையில் நீளநீளமான ஆழ்ந்த வெடிப்புகள். ஓரிடத்தில் பிசின் உருண்டு காய்ந்திருந்தது. வெட்டுமுகத்தில் ஓரம் வெளுப்பு, உள்ளே கருஞ்சிவப்பு. நகத்தால் அழுத்தினாள். நகம்தான் வலித்தது.

"இதுதான் மாமா."

"அதை இழுத்தா மொத்தமும் சரியும். யாரு அடுக்குறது?"

"நான்."

"நீயா? காத்தடிச்சா உன்னையே நாங்க கட்டி வைக்கணும்."

சுள்ளி பக்கவாட்டில் நின்று, பல்லைக் கடித்து இழுத்தாள். கட்டை வந்தது. கூடவே குவியலும் வாசல்வரை சரிந்தது. கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"விடியறதுக்குள்ள இதைச் செதுக்கணும் மாமா. நாளைக்கு வந்து அடுக்குறேன்."

"வரலேன்னா?"

"எங்க வீட்டு அடுப்புக்கிட்ட வந்து பாருங்க. அங்கதான் இருப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போ, போ. வழியில தடுக்கி விழுந்துடாத."

வீட்டில் சுள்ளி கட்டையைப் பிடித்துக்கொள்ள, அம்மா இடது கையாலேயே அரிவாள் பிடித்துச் செதுக்கினாள். அரிவாள் வழுக்கி வழுக்கிப் போனது.

"என்னடி, இரும்பைத் தூக்கிட்டு வந்துட்டியா?"

மறுநாள் அம்மா கையில் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். மாலையில் காம்பு முழுசாகத் திரும்பியது. மேஸ்திரி நாளைக்கும் வரச் சொன்னாராம்.

பள்ளி விட்டதும் சுள்ளி விறகு அடுக்கப் போனாள். இருட்டும்வரை அடுக்கியும் பாதிதான் முடிந்தது. மீதிப் பாதியை அவள் இன்னும் அடுக்கித் தர வேண்டும்.