பின்னால் நிற்பது

உதட்டுக்கும் விரலுக்கும் நடுவே எச்சில் ஒரு நூலாக நீண்டது. மொட்டைமாடியில் தொலைநோக்கியருகே குந்தியிருந்த சூர்யநாராயணன் வாயோரத்தைப் புறங்கையால் துடைத்தான். நூல் அறுந்து வழுவழுப்பாகச் சுருண்டு, மறுபடி நாக்கின் அடியிலிருந்து நீண்டது. படியேறுமுன் மனைவி சாய்லக்ஷ்மி ஊட்டிய ஒரு கவளம் தயிர்சாதத்தைத் தவிர அவன் எதையும் உண்டிருக்கவில்லை. சாதமோ சற்றுமுன்தான் சுடச்சுடப் பிசைந்தது. ஊசிப்போன சோறுதான் இப்படி நூல் விடும் என்பது மடப்பள்ளிக் குடும்பத்தில் பிறந்தவனுக்குத் தெரியாததல்ல. கைப்பிடிச்சுவருக்கு அப்பால் காறித் துப்பினான்.

மாசி மாதத்து மாலை அப்போதுதான் கறுத்துக்கொண்டிருந்தது. மலைக்கோயிலின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கீழே எங்கோ திருப்பதிப் பேருந்து ஒன்று பொறுமையிழந்து ஒலியெழுப்பியது. கிழக்கே வியாழன் தென்னைகளுக்கு மேலே ஏறியிருந்தது. ஏறத்தாழ ஆறாண்டுக்கு ஒருமுறை அந்தக் கோளின் நிலவுகள் சூரியனுக்கும் நமக்கும் நேராக வரிசைகட்டி நிற்கும். அப்போது ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழும், அல்லது ஒன்று இன்னொன்றின் முன்னால் வந்து அதை மறைக்கும். முன்னது கிரகணம், பின்னது மறைப்பு. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் சூர்யநாராயணன் தன் சிறிய கேமராவில் அந்த ஒளிக்குறைவைப் பதிந்து வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு அனுப்பிவந்தான்.

வினையெல்லாம் கிரகணம் என்ற அந்தச் சொல்லில் இருந்தது. சாய்லக்ஷ்மி உண்டாகியிருந்த தொடக்கத்தில் ஒருநாள், யாரிடமோ தொலைபேசியில், "இன்னிக்கு கிரகணம்" என்று சொல்லிவிட்டான். எந்த வானத்தில், எந்த நிலவுக்கு என்று அவள் கேட்கவில்லை. பாத்திரங்களின்மேல் தர்ப்பை வைத்தாள், பட்டினி கிடந்தாள், இரவில் தலைமுழுகினாள். அதன்பின் ஒவ்வொரு கிரகணத்துக்கும் அவளிடம் அதே விரதம். சென்ற வாரம் மருத்துவமனை வாசலிலேயே மயங்கி விழுந்தாள். ரத்தமே இல்லை, இப்படியே போனால் தாயும் தங்காது பிள்ளையும் தங்காது என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார்.

இன்றைக்கு வியாழனின் நிலவுகளில் அயோவின் நிழல் யூரோப்பாவின்மேல் விழவிருந்தது. கிரகணமேதான். அவன் பொய் சொன்னான்.

"நெஜமா கிரகணம் இல்லியா பாவா?" தர்ப்பைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இல்லவே இல்ல. மறைப்பு. ஒண்ணு முன்னாடி இன்னொண்ணு வந்து நிக்கும், அவ்ளோதான். அதுக்கெல்லாம் தர்ப்பை கெடையாது. உக்காந்து சாப்பிடு."

"அப்போ பின்னாடி நிக்கறது என்னா பண்ணும்?"

"அது பாட்டுக்கு நின்னுகினு இருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். தர்ப்பைக்கட்டை ஆணியில் திரும்ப மாட்டினாள். முதல் கவளத்தை அவனுக்கு ஊட்டினாள், இரண்டாவதைத் தான் உண்டாள். அந்த நிறைவோடுதான் அவன் மாடியேறினான்.

இப்போது கீழே சமையலறையில் கரண்டி உருளியை வழிக்கும் ஓசை கேட்டது. நன்றாகச் சாப்பிடட்டும் என்று எண்ணிக்கொண்டான். பக்கத்து வெல்டிங் பட்டறையில் பாஷா கருவிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தான். தொலைநோக்கியின் தாங்கியைப் பற்றவைத்துக் கொடுத்தவன் அவன்தான்.

"ஐயரே!" என்று தெருவிலிருந்தே கத்தினான். "அந்த வியாழனுக்கு எத்தினி பொண்டாட்டிங்க? தெனம் ஒருத்தி மூஞ்ச மூடிக்கினு நிக்கிறா?"

"உனக்கு ஒருத்தியையே சமாளிக்க முடியல, போய்யா!"

பாஷாவின் சிரிப்பு ஓய்ந்ததும் கரண்டியின் ஓசை மறுபடி கேட்டது. உருளி அவ்வளவு பெரிதல்ல.

கேமராவின் திரையில் அயோவும் யூரோப்பாவும் இரண்டு ஒளிப்புள்ளிகளாக அடுத்தடுத்து நின்றன. குறித்த நேரத்தில் யூரோப்பா மங்கத் தொடங்கியது. மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் குறைய வேண்டும் என்பது கணக்கு. அது பாதியைத் தாண்டியது. அப்போதுதான் அந்த வாடை மாடிப்படி வழியாக மேலே வந்தது. முதலில் புளித்த தயிர். பிறகு மழைக்காலத்தில் மூடிவைத்து மறந்த சோற்றின் ஈர வாடை. அதற்கும் அடியில், நோயாளியின் வாயிலிருந்து வருவதைப் போன்ற, இளஞ்சூடான, இனிப்புக் கலந்த நாற்றம். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். துப்பினான். எச்சில் தரையில் விழாமல் உதட்டிலிருந்தே தொங்கி ஆடியது.

"ஐயரே." பாஷாவின் குரல் இம்முறை தணிந்திருந்தது. "ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்துகீறாங்களா?"

"இல்லியே. ஏன்?"

"தங்கச்சி ஜன்னலாண்ட நின்னுகினு சாப்புடுது. பின்னாடி இன்னொருத்தர் கீறாப்ல தெரிஞ்சுது. தங்கச்சி நவுந்தா அதுவும் நவுறுது, மூஞ்சியே தெரில." ஷட்டரை எட்டிப் பிடித்தான். "நிழலா இருக்கும், வுடு. நான் கெளம்பறேன்."

ஷட்டர் இறங்கியது. பாஷாவின் வண்டி தெருமுனையில் தேய்ந்து மறைந்தது.

சூர்யநாராயணன் திரையைப் பார்த்தான். யூரோப்பா இல்லை. மேகம் இல்லை, பனிமூட்டம் இல்லை, அருகில் அயோ துல்லியமாக நின்றது. யூரோப்பா இருந்த இடம் மட்டும் நக்கித் துடைத்த இலையைப் போல வெறுமையாக இருந்தது. ஒளி திரும்ப வேண்டிய நேரம் கடந்தது. திரும்பவில்லை.

கரண்டியின் ஓசை நின்றது.

மெல்லும் ஓசை நிற்கவில்லை. வாயை மூடாமல், அவசரமில்லாமல், குழைந்ததை மேலும் குழைக்கும் ஈரமான ஓசை. கூர்ந்து கேட்டபோது அது இரண்டாக இருந்தது. ஒன்று மென்றது. அதற்கு ஒரு நொடி பின்னால் இன்னொன்று மென்றது.

"சாய்?"

மெல்லுதல்.

"சாய், போதும். வெச்சிடு. சாப்பிடாத."

படியில் காலடி விழுந்தது. கர்ப்பிணியின் கனத்த, கவனமான காலடி. அதையொட்டி இன்னொன்று, ஈரத்துணியைத் தரையில் போட்டு இழுப்பதைப் போல. காலடி. இழுப்பு. காலடி. இழுப்பு. வாடை அவளுக்கு முன்னால் ஏறி வந்தது. கைப்பிடிச்சுவரில் முதுகு இடிக்கும்வரை அவன் பின்வாங்கினான்.

சொல்லிவிட வேண்டும். அது கிரகணம்தான் என்று. தர்ப்பை வைத்திருக்க வேண்டும் என்று. பின்னால் நிற்க எதுவும் இல்லாத இடத்தில், ஒன்று நிற்கிறதென்று சொல்லி, அதற்கு இடம் கொடுத்துவிட்டேன் என்று. வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருந்தது. பசையாக, நூல்நூலாக. கிர, என்று தொடங்கிய சொல் தொண்டையில் குமட்டலாகக் கரைந்தது.

அவள் கதவருகே வந்து நின்றாள்.

மலையிலிருந்து வந்த மங்கிய ஒளி அவள்மேல் விழுந்தது. நேராக நின்றாள். முகவாயிலிருந்து மார்புவரை சோறு வழிந்து நூலாய்த் தொங்கியது. கன்னங்கள் புடைத்திருந்தன. கண்களிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

இரண்டு கைகளாலும்.

அவன் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தான், அவளுக்குப் பின்னால் பார்க்க. அவள் நகரவில்லை. அவள் தோளின் விளிம்பு மட்டும் சற்றுத் தடித்தது. உடனே மெலிந்தது. அவன் பார்வைக்கு நேர்க்கோட்டில், பின்னால் இருந்தது தன்னைச் சரிசெய்துகொண்டது.

பிறகு அவள் இடுப்போரத்திலிருந்து ஒரு கை வெளியே வந்தது. ஊறிய கை. தண்ணீரில் நெடுநாள் கிடந்ததைப் போல வெளுத்து, தோல் மடிந்து, குவித்த விரல்களுக்குள் ஒரு கவளம். மஞ்சள் பூத்த, நூல் தொங்கும் கவளம். பிள்ளைக்கு ஊட்டும் பரிவோடு அது அவள் வாய்க்கு உயர்ந்தது. சாய்லக்ஷ்மி அவனையே பார்த்தபடி வாயைத் திறந்தாள்.

மென்றாள்.

ஒரு நொடி கழித்து, அவளுக்குப் பின்னால் மெல்லும் ஓசை.

இன்னொரு நொடி கழித்து, அவள் இரண்டு உள்ளங்கைகளுக்கும் அடியில், ஈரப் புடவைக்குள், அந்தப் பெரிய வயிறு ஒரு பக்கமாகக் கோணி, திறந்து, மூடி, நிதானமாக மெல்லத் தொடங்கியது.