மடுவத்தில் போட்ட பிள்ளை!

"புள்ளைய மடுவத்துல போட்டுட்டு வந்துட்டேன் சேர்...!"

கலாநிதி ஸ்ரீஸ்கந்தராஜா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

கைபேசியில் விதுஷாவின் குரல் தொடர்ந்தது. பின்னால் பஸ் இரைச்சல்.

"கத்து கத்துன்னு கத்துனிச்சு. மனசக் கல்லாக்கிக்கிட்டு, திரும்பிப் பாக்காம ஓடியாந்துட்டேன். வேற வழி தெரியல சேர். கேம்பஸ்ல யாருக்கும் சொல்லிராதீங்க...!"

குரல்பதிவு முடிந்தது.

உடனே அவளை அழைத்தார். தொடர்பு கிடைக்கவில்லை!

அவருக்கு வியர்த்தது. பதுளையின் காலைக் குளிரில் மனிதனுக்கு வியர்க்கிறதென்றால் விஷயம் பெரிது.

அவர் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தில் மடுவம் என்றால் ஒன்றே ஒன்றுதான்.

மாடு அறுக்கும் இடம்!

அங்கே ஒரு பிள்ளையை... ஐயோ!

ஸ்ரீஸ்கந்தராஜா கலாநிதிப் பட்டம் பெற்றவர்; பல்கலைக்கழகத்தின் மூத்த விரிவுரையாளர். 'மாணவர் வெற்றியில் சமத்துவம்' என்ற ஆய்வுக்குப் புலமைப்பரிசில் வாங்கியவர். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் கொல்வது எது என்று பதினெட்டு மாதமாகத் துப்புத் துலக்குகிறார். குற்றவாளி இன்னும் சிக்கவில்லை.

விதுஷா அவருடைய இரண்டாம் ஆண்டு மாணவி; ஆய்வுக்குப் பேட்டி கொடுக்கும் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். வரவு போதாதவர்களைப் பரீட்சையிலிருந்து நிறுத்தும் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் பீடாதிபதியிடம் போகும். போய்விட்டால் அவளுக்கு ஒரு வருடம் பாழ். "அதற்குள் காரணத்தைக் குரலில் அனுப்பு" என்று நேற்று பெருந்தன்மையோடு சொன்னவரும் இவர்தான்.

அனுப்பிவிட்டாள்.

இப்படியும் ஒரு காரணமா!

"கலாராணி! ஜௌபரை வானை எடுக்கச் சொல்லும். லுணுகலைக்குப் போகோணும். கெதியா!"

கலாராணி நூலக உதவியாளர். தோட்டத்தில் பிறந்தவள். அதே ஆய்வில் அவருக்குச் சரிசமமான கூட்டாளி. புலமைப்பரிசிலின் விதி அப்படி... ஒரு விரிவுரையாளர், ஒரு ஊழியர். வேலையையும் சரிசமமாகத்தான் பிரித்திருந்தார்கள். பேட்டிகளைக் கேட்பது அவர். பேட்டிக்கு வருகிறவர்களுக்கு பிஸ்கட் வைப்பது அவள்.

"என்னாங்க சேர் நடந்துச்சு?"

"சொல்லேலாது. இரகசியத் தரவு."

"நானும் இந்த ஆய்வுலதானே சேர் இருக்கேன்?"

"அதுக்கெண்டு? நெறிமுறை எண்டு ஒண்டு இருக்கு!"

அந்த நெறிமுறையை எழுதியவரும் அவர்தான்.

வான் பசறை வளைவுகளில் சீறியது.

பொலிசைக் கூப்பிட 119 என்று அழுத்தினார். விரல் நின்றது. விதுஷா கைதானால் ஆய்வில் ஒரு ஆள் குறையும். ஏற்கெனவே பன்னிரண்டு பேர்தான்...!

சீ! இப்படியும் நினைக்கிறேனே என்று அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

"ஜௌபர், லுணுகலையில மடுவம் எங்க கிடக்கு?"

சாரதி ஜௌபர் கண்ணாடியில் அவரை முறைத்தார்.

"இறைச்சிக்கா சேர்? நீங்க சைவமெல்லா!"

"டவுன் மடுவமா, தோட்டத்து மடுவமா சேர்?" என்றாள் கலாராணி.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"தோட்டத்திலயும் இருக்கோ...?"

"ஒவ்வொரு டிவிசன்லயும் இருக்குங்க. நானே மடுவத்துல கெடந்தவதான்."

"பிள்ளையளையுமோ...?"

"புள்ளைகளத்தான் சேர்! காலையில கொண்டாந்து போட்டுட்டு அம்மாமாரு மலைக்குப் போயிருவாங்க. வரிசையா தொங்கும்..."

"நிப்பாட்டும்! வானை நிப்பாட்டும்!"

அடுத்த வளைவில் இறங்கி, காலையில் சாப்பிட்ட இடியப்பம் முழுவதையும் பள்ளத்துக்குக் கொடுத்தார் கலாநிதி.

"விதுஷாவின்ர தோட்டத்துக்கு விடும்!" என்று மட்டும் சொல்லி மறுபடி ஏறினார்.

பத்தே முக்கால்.

தேயிலைச் சரிவின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கட்டிடம். "இதுதாங்க விதுஷா தோட்டத்து மடுவம்" என்று கலாராணி சொல்லி முடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

"ஒருத்தரும் அசையக்கூடாது!"

உள்ளே வரிசையாகத் தொங்கின... சேலைத் தொட்டில்கள்!

ஒன்பது தொட்டில். ஒன்பது குழந்தைகள். அவர் போட்ட சத்தத்தில் ஒன்பதும் ஒரே சுருதியில் வீரிட்டன.

"யாருய்யா நீ? இப்பத்தான் தூங்க வச்சேன்! அறிவிருக்கா?" பால் போத்தலோடு சீறி வந்தாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நல்லம்மா.

"விதுஷாவின்ர பிள்ளை... உயிரோட...?"

"உசுரோடவா? எம் மண்டையில பாதி முடியப் பிச்சிருச்சு!"

நல்லம்மாவின் இடுப்பில் விதுஷாவின் ஒரு வயதுப் பெண் குழந்தை. மூக்கொழுக ரஸ்க்கைக் கடித்துக்கொண்டு, கலாநிதியை மேலும் கீழும் பார்த்தது.

கலாராணிக்கு அப்போதுதான் விளங்கியது.

"சேர்... தோட்டத்துல கொழுந்து நிறுக்குற எடமும் மடுவம்தான். புள்ளைகளப் பாத்துக்குற எடமும் மடுவம்தான். நீங்க என்னான்னு நெனச்சீங்க?"

வாசலில் நின்ற ஜௌபருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பிள்ளை இருக்கெண்டு விதுஷா ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று மெதுவாகக் கேட்டார் கலாநிதி.

"புள்ளக்காரிக்கு எதுக்குப் படிப்புன்னு கேப்பாங்கன்னு பயந்துகிட்டுத்தான்," என்றாள் நல்லம்மா. "புருசன் கொழும்புல. இவ ஒத்தையில மாரடிக்கிறா. வேல பிரிக்கிற பெரட்டுக்கு ஆளு கூடுற ஏழு மணிக்குத்தான் நான் மடுவத்தத் தொறப்பேன். புள்ளைய விட்டுட்டு ஓடி பஸ்ஸப் புடிச்சாலும் பதுளைக்குப் போக எட்டரை தாண்டிரும். அங்கன ஒரு வாத்தியான் இருக்கானாம்! எட்டு அடிச்சா கதவச் சாத்திருவானாம். தொண்டத் தண்ணி வத்தக் கெஞ்சுனாலும் தொறக்க மாட்டானாம். கட்டையில போறவன்!"



திங்கள், புதன், வெள்ளி. காலை எட்டு மணி. கதவைத் தாழிட்டது ஸ்ரீஸ்கந்தராஜாவின் கை. வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுத்ததும் அதே கை.

பதினெட்டு மாதம் தேடிய குற்றவாளி, சட்டைப்பையில் சிவப்புப் பேனாவோடு மடுவத்து நடுவில் நின்றுகொண்டிருந்தார்! வெட்கம் தாங்கவில்லை அவருக்கு.

கைபேசி அலறியது. அலுவலகத்திலிருந்து லக்ஷிகா.

"சேர், பட்டியலை அனுப்பட்டோ? விதுஷா எண்டு ஒரு பிள்ளை, நீங்கள் வெளிக்கிட்ட கையோட வந்தது. இன்னும் உங்கட கதவடியில அழுதுகொண்டு நிக்குது. போன்ல சார்ஜ் இல்லையாம்..."

"அனுப்பாதையும்! முதல்ல அவவின்ர பேரை வெட்டும். காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டதெண்டு எழுதும். என்ர வகுப்பு இனி ஒன்பதரைக்கெண்டு நோட்டீசும் ஒட்டும். அந்தப் பிள்ளைக்கு என்ர அறையைத் திறந்து ஒரு கதிரை குடும்!"

கைபேசியைக் கலாராணியிடம் நீட்டினார்.

"இதில மற்றப் பதினொரு பேரின்ர பதிவும் கிடக்கு. நீர் கேளும். எனக்கு இன்னும் என்னென்ன விளங்கேல்லையோ...!"

"அப்ப பிஸ்கட்டு யாரு சேர் வைக்கிறது?"

"நான் வைக்கிறன்."

ஒன்பதாவது குழந்தையும் அடங்கிவிட்டது. நல்லம்மா கலாநிதியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது சரி... நீங்க யாருன்னே சொல்லலியே?"

கலாநிதி தொண்டையைச் செருமினார். ஜௌபர் முந்திக்கொண்டார்.

"நீங்க சொன்னீங்களே உம்மா... அந்தக் கட்டையில போறவரு இவருதான்!"