கிரீஸ் பீப்பாயில் கட்டிய கயிறு

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பட்டப்பகலில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேங்கிக்காலில் மணிவேல் புதுவீடு கட்டிக் குடிவந்தான். பால் காய்ச்சி, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போன மத்தியானம், கூடத்துச் சுவரில் ஈரம் பூத்தது. ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வட்டம்.

மனைவி வினோதினி துணியால் துடைத்தாள். "பெயின்டர் நல்லா ஏமாத்திட்டான் பாருங்க. என்னா இது, கிரீஸ் நாத்தம் அடிக்குது?"

மணிவேலுக்கு அந்த வாசனை தெரியும். வெளியூரில், பூமிக்கடியில் சுரங்கம் குடையும் இயந்திரத்தில் சீல் பார்ப்பது அவன் வேலை. இயந்திரத்தின் வால்பக்கம் சுற்றிலும் கம்பித் தூரிகைகள். அவற்றின் நடுவே கிரீஸை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே முட்டி நிற்கும் தண்ணீரையும் மணலையும் தடுப்பது அந்த சீல்தான். பீப்பாயில் கிரீஸ் தீர்ந்தால் ஒரு கம்பி கீழே இறங்கும். இயந்திரம் தானே நின்றுவிடும்.

போன சித்ரா பௌர்ணமி. கிரிவலத்துக்குப் பஸ் பிடிக்கும் அவசரம். பீப்பாய் அடிதட்டிக்கொண்டிருந்தது. இயந்திரம் நின்றால் அவனும் நிற்க வேண்டும். மணிக்கட்டில் இருந்த கோயில் கயிற்றை அவிழ்த்து, அந்தக் கம்பி இறங்காதபடி இழுத்துக் கட்டினான். புதுப் பீப்பாய் வந்துவிடும் என்று நினைத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

அவன் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, புதுப் பீப்பாய் வராமலே இயந்திரம் நிற்காமல் ஓடி, சீல் வறண்டது. மணலும் தண்ணீரும் உள்ளே பாய்ந்தன. அவனுக்கு அடுத்து வேலைக்கு இறங்கிய கோபி மேலே வரவேயில்லை. கோபி தூங்கிவிட்டான் என்றார்கள். மணிவேல் வாய் திறக்கவில்லை.

இப்போது சுவருக்குள் கிரீஸ் ஏற்றும் பம்பு ஓடியது.

டுக். டுக்.

பிறகு காதோரம் ஈரமாய் ஒரு குரல்.

"அவுக்கட்டுமாண்ணே?"

திரும்பினான். வாசலில் கோபியின் மனைவி தமிழ்செல்வி. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தாள்.

"விசேஷத்துக்கு வரலண்ணா. ஒண்ணு கேக்கணும். அவரு தூங்கிட்டாருன்னு ஊரே பேசுது. நெசமா?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்? நான் கிரிவலத்துல இருந்தேன்."

"தெரியும்ணா. உள்ள இருந்து போன்ல சொன்னாரு. 'அண்ணன் தன் கைக் கயித்தையே மெஷினுக்குக் காப்பா கட்டிட்டுப் போயிருக்காரு. அவுக்கலாமான்னு பாத்தேன். சாமி கயிறு, கை வெக்க மனசு வரல'ன்னாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அது கூட காப்பாத்தலியேண்ணா."

சுவரிலிருந்து மணல் சரசரவென்று கொட்டியது.

மணிவேல் அந்த மணலைப் பார்த்தான். "அது காப்பு இல்லம்மா," என்றான். எல்லாவற்றையும் சொன்னான். வினோதினியின் கையிலிருந்த துணி நழுவியது.

தமிழ்செல்வி அழவில்லை. "இத எங்க தெருவுல வந்து சொல்லுங்க."

போனான். அவள் தெருவில், எல்லார் முன்னாலும் நின்று சொன்னான். சிலர் அடித்தார்கள். வாங்கிக்கொண்டான்.

வீடு திரும்பியபோது சுவர் காய்ந்திருந்தது. நிம்மதியாகக் கைகழுவக் குனிந்தவன் மணிக்கட்டைப் பார்த்தான்.

கயிறு.

முடிச்சுக்குள் கிரீஸ். கிரீஸுக்குள் மணல். கத்தரிக்கோல் மழுங்கியதே தவிர அது அறவில்லை.

"அவுக்கட்டுமாண்ணே?"

சரி என்றால் எந்தத் தண்ணீர் உள்ளே வரும் என்று அவனுக்குத் தெரியாது. இன்றுவரை பதில் சொல்லவில்லை. குரல் இன்றுவரை கேட்பதையும் நிறுத்தவில்லை.

உங்கள் வீட்டுச் சுவர்கள் காய்ந்தே இருக்கட்டும், கண்ணுகளா. வேலைக்குப் போன உங்கள் மனிதர்கள் எல்லாரும் பத்திரமாய் வாசல் வந்து சேரட்டும்.