மூக்கு வைத்த செடி

செடியின் தெருப் பக்கம் மட்டும் கருகியிருந்தது.

அதெலினோ குனிந்து பார்த்தார். துளசி ஜாதிதான், பந்து மாதிரித் தழைக்கும். அந்தோணியார் திருவிழா வந்தால் லிஸ்பனில் ஜன்னலுக்கு ஒரு தொட்டி இருக்கும், நடுவில் காகிதப் பூ செருகியிருக்கும். இதை உள்ளங்கையால் தடவிக் கையைத்தான் முகர வேண்டும். மூக்கை வைத்தால் செடி செத்துப்போகும். அந்த ஊரின் பழைய பேட்டையான அல்ஃபாமாவின் சந்துகளில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் தெரியாது.

"எவனோ வெளியூர்க்காரன் மூஞ்சிய வச்சுட்டுப் போயிருக்கான்!"

சந்தில் மத்தி மீன் சுட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி ஒதேத் நிமிரவில்லை. "ஒம் மூஞ்சியப் பாத்தே கருகியிருக்கும்யா, கெழவா. மக வர்றாளாமே, கெளம்பிட்டியா?"

"எங்க கெளம்புறது? எவ வந்தாலும் நான் வரமாட்டேன்."

தொட்டியை உள்ளே இழுத்து வைத்து ஜன்னலைச் சாத்தினார். கதவையும் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேல்மாடி எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டாயிற்று. கீழே அவர் மட்டும். இன்று எப்படியும் அழைத்துப் போவேன் என்கிறாள் மகள் கிராசா. அவளிடம் எப்படிச் சொல்வது? பிப்ரவரியில் புதைத்த மனைவி எர்சிலியா இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். பொழுது சாயும்போது, சுட்ட மீன் புகையும் பழைய சுவரின் ஈர வாடையும் ஒன்றாய்க் கலந்து அறையில் தேங்கி நிற்கிற நேரத்தில், அடுக்களையிலிருந்து படுக்கைவரை ஒரு பாவாடை சுவரில் மெல்ல உரசிக்கொண்டே போவதை அவர் கேட்டிருக்கிறார். கட்டிலில் அவள் பக்கம் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். அவளை விட்டுவிட்டு எங்கே போவது?

முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

செடியின் இந்தப் பக்கமும் கருகியிருந்தது. அறையைப் பார்த்த பக்கம். ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. கண்ணாடியில், உள்பக்கமாக, மூச்சுப் பட்டு ஒரு வட்டம் மங்கியிருந்தது.

அவர் அந்த வட்டத்தை விரலால் தொட்டார். சந்தோஷம்தான்.

"எர்சிலியா... நீதானாடி?"

பாவாடை உரசியது. நின்றது.

நாற்காலியில் உட்கார்ந்தார். புன்னகை உதட்டில் இருக்கும்போதே அது நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் அவர் விளையாட்டுக்குக் குனிந்தபோது எர்சிலியா கரண்டியால் அடித்த அடி. "மூக்க வச்சே, ஒடச்சிருவேன்!" கடைசிக் கோடையில், கை நடுங்கிய நிலையிலும், அவள் தடவித்தான் முகர்ந்தாள்.

எர்சிலியா மூக்கை வைக்கமாட்டாள்.

அப்படியானால் இத்தனை நாள்?

வெளியே திருவிழா ஊர்வலம் வந்துவிட்டது. மேளம். எக்காளம். காகித விளக்குகள் ஆடின. வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வெளியூர் முகங்கள் கண்ணாடியில் ஒட்டி உள்ளே பார்த்தன. கிழவன், பழைய வீடு, பார்க்கத் தக்க காட்சி.

கதவு தட்டப்பட்டது. "அப்பா! பூட்டிட்டு என்ன பண்றீங்க? தொறங்கப்பா!"

"வர்றேன் கிராசா... வர்றேன்மா. ஒங்கூட வந்துர்றேன்."

குரல் எழும்பவில்லை. மேளம் விழுங்கிவிட்டது. கை சாவியைத் தேடியது. சாவி கிடைத்தது. கால் எழவில்லை.

ஜன்னலில் ஒரு பெண் கைப்பேசியை உயர்த்தினாள். சிரித்தாள். இரண்டு விரல்களைக் காட்டி, ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டினாள்.

ரெண்டு பேரும். நெருங்கி உட்காருங்கள்.

அவர் திரும்பவில்லை.

பிடரியில் ஏதோ தொட்டது. குளிர்ச்சி. சிறியது. மூக்கின் நுனி.

பிறகு மூச்சு. உள்ளே இழுக்கிற மூச்சு. நீளமாக. நிதானமாக.

கையைப் பின்னால் கொண்டுபோனார். விரலோடு வந்தது முடி. முடியோடு தோல். கறுத்து, சருகாகி, உள்ளங்கையில் பொடிந்தது.

"அப்பா!"

கண்ணாடிக்கு அப்பால் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

மறுபடி மூச்சு. இம்முறை, கன்னத்தில்.